பிடிக்கிற கை வெட்டவும் செய்யுமா? தாய்ப்பாலில் இருக்கும் அப்சைம்

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரு நாள் காலையில் இந்தச் செய்தி வந்து விழுந்தது: "தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தி என்சைம்கள் கிருமிகளைத் துண்டு துண்டாக வெட்டி எறிகின்றன. ரஷ்ய விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு! எல்லாத் தாய்மாருக்கும் அனுப்புங்கள்." கீழே பூங்கொத்து, கும்பிடும் கை. அனுப்பியவர் பட்டர்வொர்த் அத்தை.

என் தங்கை 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் திரும்பிய வாரம் அது. இரவு வேலை விட்டு வந்தவள், குளிர்ப்பையிலிருந்து பால் பைகளை எடுத்துத் தேதி பார்த்து ஐஸ்பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா, நீதான பயோலஜி சொல்லிக் குடுக்குற. அத்தை அனுப்புனது நெசமா?"

பாதி நிஜம் என்றேன். அந்தப் பாதியைச் சொல்லி முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. குழந்தை நடுவில் நாலைந்து முறை எழுந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஒரு வரியில் மூன்று வேறு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழைத்திருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி ஒன்று, என்சைம் ஒன்று, ரஷ்யர்கள் உண்மையில் கண்ட அப்சைம், அதாவது பிடிப்பதோடு என்சைம் வேலையும் பார்க்கும் ஆன்டிபாடி, இன்னொன்று. அடுப்படியில் கைக்கு அகப்பட்ட சாமான்களை வைத்து அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இடுக்கி

எதிர்ப்புச் சக்தியைப் பற்றி நாம் பேசுவதைக் கேட்டால் அது ஏதோ பெட்ரோல் மாதிரி இருக்கும். ஏறும், இறங்கும், டின்னில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் உடம்புக்குள் போய்த் தேடினால் 'சக்தி' என்று தனியாக ஒரு பொருள் அகப்படாது. பல வகை உயிரணுக்களும் புரதங்களும் சேர்ந்து பார்க்கும் வேலைக்கு நாம் வைத்த பொதுப்பெயர் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்று டாக்டர் சொல்வது இதைத்தான்.

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். கவட்டைக் கம்பு போன்ற வடிவம், அதில் மேலே பிரியும் இரண்டு கைகளின் நுனியிலும் ஒரு குழிவு. ஒரு குறிப்பிட்ட கிருமியின் உடம்பில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட மேடு மட்டும்தான் அந்தக் குழிவில் கச்சிதமாக உட்காரும். வேறொரு கிருமிக்கு வேறொரு எதிர்ப்பொருள் வேண்டும்.

பிடித்த பிறகு அது என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பிடித்தபடியே இருக்கும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் இடுக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கி சட்டியை உடைப்பதில்லை. எதிர்ப்பொருளும் அப்படித்தான். கிருமியைப் பிடித்துவிட்டால் அது குடல் சுவரில் ஒட்ட முடியாது, உயிரணுவுக்குள் நுழைய முடியாது. விழுங்கித் தீர்ப்பது, ஓட்டை போடுவது எல்லாம் மற்றவர்கள் வேலை.

பாலில் வரும் இடுக்கி எங்கே போகிறது

தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்பொருளில் மிகப் பெரும் பங்கு ஒரே வகை. அதன் பெயர் சுரப்பு ஐ.ஜி.ஏ. இரண்டு கவட்டைகளை அடியில் சேர்த்துக் கட்டியது போல் இருக்கும். மேலே ஒரு புரதத் துண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டு ஒரு கவசம். எதிர்ப்பொருளும் புரதம்தானே, குழந்தையின் வயிறு அதையும் செரித்துவிடாதா என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. செரிமான நொதிகள், அதாவது என்சைம்கள், எளிதில் கைவைக்காமல் இருக்கத்தான் அந்தக் கவசம். பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில்கூட முழுசான ஐ.ஜி.ஏ. வெளிவருவதை அளந்திருக்கிறார்கள்.

இங்கேதான் எல்லாரும் இடறுகிறோம். பாலில் வரும் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் கலந்து ஓடுகிறது என்று நினைக்கிறோம். மனிதக் குழந்தையில் அப்படி இல்லை. ரத்தத்துக்கு வேண்டிய எதிர்ப்பொருள், ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை, பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாலில் வருவது வாய், தொண்டை, குடல் என்று உள்தோல் மேலேயே நின்று காவல் காக்கிறது. வீட்டுக்குள் வராமல் வாசலில் ஐந்தடி நடையில் உட்கார்ந்திருக்கும் ஜாகா, அதாவது காவல்காரர், மாதிரி.

கன்றுக்குட்டியின் கதை வேறு. பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளை விடாது. கன்று பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் வர வேண்டும், கன்றின் குடலும் அந்த ஒரு நாள் மட்டும் அதை அப்படியே ரத்தத்துக்குள் விடும். அதனால் பசுஞ்சீம்பாலில் எதிர்ப்பொருள் அள்ளிக் கொட்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் அம்மா கெடா தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். மாடு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லமும் ஏலமும் போட்டு ஆவியில் வைப்பார்களாம். உறை ஊற்ற வேண்டாம், எலுமிச்சை பிழிய வேண்டாம், தானாகவே தவ்பூ மாதிரி கட்டிக்கொள்ளும். சாதாரணப் பால் அப்படிக் கட்டாது. சூட்டில் இறுகும் அந்தப் புரதக் கூட்டத்தில் பெரும்பகுதி எதிர்ப்பொருள்தான். முட்டை வெள்ளை வெந்து இறுகுவதும் இதுவும் ஒரே சங்கதி: சூடு பட்டால் புரதம் வடிவம் இழக்கும், வடிவம் போனால் பிடிப்பும் போகும்.

(அத்தை பிரசவத்துக்குப் பார்க்க வந்தபோது கையோடு பசுஞ்சீம்பால் மாவு ஒரு டின் கொண்டுவந்திருந்தார். அது பசு தன் கன்றுக்காகச் செய்தது. டின்னை அலமாரியில் வைத்துவிட்டோம், அத்தை மனசு நோகக்கூடாதென்று.)

மனிதச் சீம்பாலிலும் முதல் நாளில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் ஐ.ஜி.ஏ. இருக்கும். பிறகு சுமார் 1 கிராமுக்கு இறங்கி, மாதக்கணக்கில் அந்த அளவிலேயே நிற்கும். அளவு குறைந்ததே என்று கவலைப்பட வேண்டாம், குழந்தை குடிக்கும் பால் அதற்குள் பல மடங்கு ஆகியிருக்கும். இன்னொன்று, இந்த எதிர்ப்பொருள்கள் எந்தக் கிருமிக்கானவை? தாய் எதைச் சந்திக்கிறாளோ அதற்கானவை. தாயின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் கிருமியை அடையாளம் கண்டுகொண்ட உயிரணுக்கள் ரத்தத்தில் பயணம் செய்து மார்பகத்தில் வந்து தங்கி, அங்கே எதிர்ப்பொருளைச் செய்கின்றன. தங்கை தொழிற்சாலைப் பேருந்தில் வாங்கி வரும் சளிக் கிருமிக்கும் அவள் பாலிலேயே மருந்து தயாராகிறது என்று சொல்லலாம்.

இதுவரை வந்த இடம்: எதிர்ப்பொருள் ஒரு புரதம், ஒன்றை மட்டும் பிடிக்கும், பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. பாலில் வருவது குழந்தையின் குடலில் வேலை பார்க்கிறது.

பப்பாளிக்காய்

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பச்சைப் பப்பாளிக்காயைத் துருவிப் பிசறி வைப்போம். ஒரு மணி நேரத்தில் கறி பஞ்சாகிவிடும். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற புரதம் இறைச்சியின் புரத நாரை வெட்டிப் போடுகிறது. இப்படி ஒரு வேதிவேலையை வேகமாக முடித்துக் கொடுக்கும் புரதம்தான் நொதி. என்சைம் என்பதும் அதுவே. சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அது எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவதால்.

நொதியின் விசேஷம் வெட்டுவது மட்டும் அல்ல. வெட்டிய பிறகு தான் தீர்ந்துபோகாமல் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஓர் எதிர்ப்பொருள் பிடித்ததோடு மாட்டிக்கொண்டு கிடக்கும், நொதி விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும். நம் சிவப்பணுவுக்குள் கரியமில வாயுவைக் கவனிக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி விநாடிக்குச் சுமார் 10 லட்சம் தடவை இதைச் செய்கிறது.

முருங்கைக்காயும் புட்டுக் குழலும்

நொதியும் வெட்டுவதற்கு முன் பிடிக்கத்தானே வேண்டும்? பிடிக்கிறதுதான். அப்படியென்றால் நொதியின் பிடிக்கும் எதிர்ப்பொருளின் பிடிக்கும் என்ன வித்தியாசம்? விஷயத்தின் நடுமுள் இதுதான். தங்கையை ஒரு முருங்கைக்காயை எடுத்து மெதுவாக வளைக்கச் சொன்னேன்.

நேரான காய் ஒரு நிலை, முறிந்து இரண்டான காய் ஒரு நிலை. நடுவே ஒரு கணம் உண்டு. காய் வில்லாக வளைந்து, தோல் இழுபட்டு, இதோ போகப்போகிறேன் என்று நிற்கும். அதை முறியும் தறுவாய் என்று வைத்துக்கொள்வோம். வளைக்கும்போது கை வலிப்பதெல்லாம் அந்தத் தறுவாய்க்குக் கொண்டுபோவதற்காகத்தான். அதைத் தாண்டிவிட்டால் காய் தானே 'டக்'கென்று போய்விடும்.

இப்போது நேரான காயைப் புட்டுக் குழலுக்குள் விடுங்கள். அழகாகப் பொருந்தும். முறியுமா? முறியாது. வெளியே இருந்ததைவிடப் பத்திரமாக இருக்கும். எதிர்ப்பொருள் அந்தப் புட்டுக் குழல். இருக்கிற வடிவத்துக்குப் பொருந்திப் பிடிக்கிறது. அதே காயை முழங்கை போல் வளைந்த ஒரு குழாய்க்குள் திணித்தால்? உள்ளே போகும்போதே வளையும், வளைந்தால் முறியும். நொதி இந்த வளைந்த குழாய். அதன் குழிவு பொருளின் வடிவத்துக்குப் பொருந்துவதைவிட, பொருள் முறியும் தறுவாய்க்கு நன்றாகப் பொருந்தும்படி அமைந்திருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1940-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

1969-இல் வில்லியம் ஜென்க்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் ஒரு படி மேலே போனார். உடம்புக்கு எதைக் காட்டினாலும் அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளைச் செய்துவிடுகிறதே. நேரான காயைக் காட்டாமல் வளைந்த காயைக் காட்டினால், வருகிற எதிர்ப்பொருள் வளைந்த குழாயாகத்தானே இருக்கும்? அப்படியானால் அது வெட்ட வேண்டுமே! யோசனை எளிது, செய்வது கடினம். முறியும் தறுவாய் கண்மூடித் திறப்பதற்கும் வெகு முன்பே மறைந்துவிடும், அதைப் பிடித்துவைத்துக் காட்ட முடியாது. அதனால் வளைந்தபடியே நின்றுவிட்ட ஒரு போலியை வேதியியலாளர்கள் செய்ய வேண்டியிருந்தது. 1986-இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் லெர்னர் குழுவும் பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவும் தனித்தனியாகச் செய்து காட்டின. போலிக்குப் பொருந்திய எதிர்ப்பொருள்கள் அசலை உடைத்தன.

இப்படி நொதியின் வேலையைச் செய்யும் எதிர்ப்பொருளுக்கு அப்சைம் என்று பெயர். ஆன்டிபாடியும் என்சைமும் ஒட்டிய சொல். நான் தங்கையிடம் பாக்குவெட்டி என்று சொன்னேன், அம்மாச்சி வெற்றிலைப் பெட்டியில் கிடந்தது அவளுக்கும் நினைவிருந்தது. இடுக்கியும் அதுதான், கத்தியும் அதுதான். பாக்கைப் பிடித்த வாயே வெட்டும், துண்டு கீழே விழும், வாய் திறந்து அடுத்த பாக்குக்கு நிற்கும்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து உடம்புக்கு

அது மனிதன் திட்டம் போட்டுச் செய்தது. இயற்கையிலும் இருக்குமா? 1989-இல் சுதிர் பால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மனித ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் உடம்பின் சொந்தப் புரதத் துணுக்கு ஒன்றை வெட்டுவதைக் காட்டியது. 1992-இல் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில், உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வை வெட்டும் எதிர்ப்பொருளை இன்னொரு குழு கண்டது. லூபஸ் என்பது உடம்பின் காவல்படை தன் சொந்த வீட்டையே தாக்கும் நோய்.

ஆகவே பல வருஷம் அப்சைம் என்றாலே நோயின் அடையாளம் என்ற பேச்சு இருந்தது. அந்த எண்ணம் உடைந்த இடம்தான் தாய்ப்பால். 1990-களின் நடுவில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஜார்ஜி நெவின்ஸ்கி குழு, எந்த நோயும் இல்லாத தாய்மாரின் பாலிலிருந்து சுரப்பு ஐ.ஜி.ஏ.வைப் பிரித்து எடுத்துப் பார்த்தது. அது ஒரு நொதிவேலை செய்தது. என்ன வேலை தெரியுமா? வெட்டும் வேலையே இல்லை. பாலின் முக்கியப் புரதமான கேசின் மேல் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை ஒட்டும் வேலை! அத்தையின் 'வெட்டி எறிகின்றன' இங்கேயே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பிறகு வந்த ஆண்டுகளில் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வெட்டும் ரகங்களும் வந்தன: டி.என்.ஏ.வையும் அதன் உறவுக்கார மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வையும் வெட்டுபவை, எச்சில் அமைலேஸ் மாதிரி மாவுச்சத்துத் தொடரை வெட்டுபவை, கேசினையே வெட்டுபவை.

எல்லாரும் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. ஒரு தாயின் பாலில் இருப்பது ஒரே எதிர்ப்பொருள் அல்ல, ஆயிரக்கணக்கான விதவிதமான எதிர்ப்பொருள்களின் கூட்டம். அதில் ஒரு சிறு பங்குதான் பாக்குவெட்டி, மற்றதெல்லாம் சாதாரண இடுக்கி. ஆளுக்கு ஆள் அந்தப் பங்கும் மாறும்.

பால் முழுக்க நொதி இருக்கும்போது எப்படி நம்புவது

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதி இதுதான். தாய்ப்பாலில் ஏற்கெனவே அசல் நொதிகள் ஏராளம். கொழுப்பை உடைக்கும் லைபேஸ், பாக்டீரியாச் சுவரைக் கரைக்கும் லைசோசைம், அமைலேஸ்கூட உண்டு. எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும்போது அசல் நொதி ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், எதிர்ப்பொருள்தான் வெட்டுகிறது என்று ஏமாந்துவிடலாம். சம்பல் அரைத்த அம்மியைக் கழுவாமல் தேங்காய் அரைத்துவிட்டு, தேங்காய் காரமாக இருக்கிறது என்று சொல்வது போல.

அதனால் ஆய்வாளர்கள் அம்மியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். எதிர்ப்பொருளைக் கடும் அமிலத்தில் போட்டு, மேலே ஒட்டியிருக்கக்கூடியதை எல்லாம் உதிர வைத்துப் பிரித்தார்கள். நொதிவேலை போகவில்லை. எதிர்ப்பொருளை மட்டுமே பிடித்து இழுக்கும் பொருளைப் போட்டு, திரவத்திலிருந்து எதிர்ப்பொருள் மொத்தத்தையும் வெளியே எடுத்தார்கள். நொதிவேலையும் அதோடு வெளியே போனது.

இன்னொரு சோதனைக்குப் பழைய சொந்தக்காரர் ஒருவர் வருகிறார், நம் பப்பாளிக்காய். 1950-களின் முடிவில் இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர், எதிர்ப்பொருளைப் பப்பைனில் ஊறவைத்தார். அது மூன்று துண்டாக விழுந்தது. பிடிக்கும் கைகள் இரண்டு, காம்பு ஒன்று. எதிர்ப்பொருளின் உடல்வாகு நமக்குப் புரியத் தொடங்கியதே அந்தத் துண்டுகளால்தான். 1972-இல் ஜெரால்ட் எடெல்மனோடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கறி வேகப் போடுகிற அதே பப்பைன்! பால் அப்சைமிலும் கையைத் தனியே நறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். காம்பு இல்லாத வெறும் கையே வேலையைச் செய்தது. அதாவது நொதிவேலை உட்கார்ந்திருக்கும் இடம், கிருமியைப் பிடிக்கும் அதே கை.

சுருக்கமாக: ஒட்டிவந்த அழுக்கு அல்ல, எதிர்ப்பொருளின் கையே அந்த வேலையைச் செய்கிறது என்று பல வழியில் சோதித்த பிறகுதான் அப்சைம் என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் அத்தை சொன்னது?

பாலில் அப்சைம் இருக்கிறது, உண்மை. ஆரோக்கியமான தாயிடம் இருக்கிறது, அதுவும் உண்மை. பாலில் அப்சைம் என்று படித்துவிட்டு எனக்கு லூபஸா என்று யாரும் பயந்துவிடக் கூடாது.

ஆனால் வேகம்? இயற்கை அப்சைம்கள் அசல் நொதியோடு ஓட்டப்பந்தயத்தில் நிற்க முடியாது. நொதி விநாடிக்கு நூறு, ஆயிரம் என்று முடிக்கும் இடத்தில் பல அப்சைம்கள் நிமிடத்துக்கு ஒன்றுகூட முடிக்காது. கேசினை வெட்டுகிறது என்பதால் குழந்தைக்குப் பால் செரிப்பதே அதனால்தான் என்று சொன்னால் அது அபத்தம், குழந்தையின் சொந்த நொதிகள் அந்த வேலையைப் பல மடங்கு வேகத்தில் செய்கின்றன. கிருமியின் ஆர்.என்.ஏ.வை வெட்டிக் குழந்தையைக் காக்கலாம் என்பது ஆய்வாளர்களே முன்வைக்கும் யோசனை. காட்டப்பட்டிருப்பது எல்லாம் சோதனைக் குழாயில். குழாயில் ஆர்.என்.ஏ. தனியாக, வெறும் உடம்போடு நிற்கிறது. வைரஸில் அது ஓட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. இந்த இடைவெளியைத்தான் அத்தையின் செய்தி ஒரே தாவாகத் தாண்டிவிட்டது.

குடலில் குழந்தையைக் காப்பதில் உறுதியாகப் பெயர் வாங்கியிருப்பது பழைய இடுக்கிதான். வெட்டாத, பளபளப்பில்லாத, வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும் ஐ.ஜி.ஏ. அதைப் பற்றி யாரும் பூங்கொத்து போட்டுச் செய்தி அனுப்புவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐஸ்பெட்டியில் இருக்கும் பை

எல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப நான் எடுத்து வச்ச பாலுல இதெல்லாம் இருக்குமா, செத்துப்போயிருக்குமா?"

உறைய வைத்தால் எதிர்ப்பொருள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதன் எதிரி சூடு. தாய்ப்பால் வங்கிகளில் கிருமி நீக்க 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைப்பார்கள், அந்த மிதமான சூட்டிலேயே ஐ.ஜி.ஏ.வில் ஒரு பங்கு போய்விடும். கொதிக்க வைத்தால் சீம்பால் கட்டிய கதைதான். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஒரு மூலை கொதிக்கும், ஒரு மூலை சில்லென்று இருக்கும், குழந்தையின் வாயும் பொத்துப்போகும்.

அவள் பழைய தேதியிட்ட பை ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். பை மெல்ல நெகிழ்ந்து, மேலே கொழுப்பு மஞ்சளாகப் படர்ந்தது. உள்ளே குழந்தை சிணுங்கத் தொடங்கியது. "அத்தைக்கு என்னன்னு பதில் போடுறது?" என்று கேட்டாள். கும்பிடும் கை ஒன்று போடு என்றேன்.